நூற்று நாற்பத்து மூன்று படியும் ஒரு ஃபிளாஸ்க் பச்சை டீயும்

எங்கள் வேலையிடத்தில் அவருக்குப் பெயர் குருவி. நூற்றேழு கிலோ மனிதரை எவனாவது குருவி என்பானா என்று கேட்காதீர்கள். பெயர் வைத்த காலத்தில் அவர் ஐம்பத்தெட்டு கிலோ. அதன் பிறகு அவர் வளர்ந்தார், பெயர் அப்படியே நின்றுவிட்டது.

கட்டடம் எழும்புகிற இடத்தில் ஆகாயத்தில் கை நீட்டிக்கொண்டு ஒரு டவர் கிரேன் நிற்குமே, அதன் கழுத்தருகில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கேபின் இருக்கும். அதற்குள் உட்கார்ந்து கிரேனை ஓட்டுகிறவர் அவர். என் அக்காவின் கணவர், எனக்கு மாமா. நான் அவருக்குக் கீழே நிற்கிற சிக்னல்காரன். கையில் வாக்கி டாக்கியை வைத்துக்கொண்டு, தூக்கு, நிறுத்து, இடது, வலது, இறக்கு என்று நாள் முழுக்கக் கத்துவதுதான் என் வேலை. மேலே இருப்பவருக்குப் பாதி நேரம் சுமை இறங்குகிற இடமே தெரியாது. என் வாய்தான் அவருக்குக் கண்.

முதல் நாளே எங்களுக்குள் ஒரு சிக்கல் வந்தது. வீட்டில் நான் அவரிடம் "வாங்க, போங்க" என்று பேசுகிறவன். வாக்கியில் "இறக்குங்க மாமா" என்று நீட்டி முழக்கினால், நான் முடிப்பதற்குள் இரண்டு டன் கம்பி எங்கேயாவது போய் இடித்துவிடும். அதனால் அவரே ஒரு வழி சொன்னார். "மாப்ளே, மொட்டையா சொன்னா அது சுமைக்கு. மாமான்னு சேர்த்துச் சொன்னா அது எனக்கு. குழப்பமே இல்ல." சுமையை இறக்க வேண்டுமென்றால் "இறக்கு, இறக்கு". அவர் சாப்பிட வரவேண்டுமென்றால் "இறங்குங்க மாமா". ஒன்பது வருடம் இந்த ஏற்பாட்டில் ஒரு பிசகு வந்ததில்லை.

மேலே ஏற நூற்று நாற்பத்து மூன்று படிகள். எல்லாம் நெட்டுக்குத்தான இரும்பு ஏணி. காலையில் ஏறினால் மதியம் ஒருமுறை இறங்குவார், பிறகு சாயங்காலம்தான். கீழே அந்த மனிதரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து ஆள் பெருமூச்சு விடுவான். கதவில் தோள் இடிக்கும், நாற்காலி முனகும், எல்லாவற்றுக்கும் இவர் "சாரி, சாரி" என்பார். மேலே போனால் அவரே வேறு ஆள். ஒரு லாரி எடையுள்ள சுமையை, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைப்பார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கீழ இருந்தா எங்க பாத்தாலும் நானே இருக்கேன் மாப்ளே. மேல போயிட்டா நான் இருக்கறதே எனக்குத் தெரியறதில்ல."

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் ஏறும்போது உடம்பில் மாட்டிக்கொள்கிற ஏணிப் பெல்ட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் தைத்திருந்த துண்டில் 'அதிகபட்சம் 100 கிலோ' என்று இருந்தது. அவ்வளவு காலமாக அந்தத் துண்டை யாரும் படித்ததில்லை. ஆபீசர் படிக்கிற ஜாதி. ஆறு வாரம் கெடு கொடுத்தார். ஆறாவது சனிக்கிழமை நூற்றுக்குள் வந்தால் கேபின். இல்லையென்றால் ஸ்டோர் அறையில் உட்கார்ந்து ஆணியும் கையுறையும் எடுத்துக் கொடுக்கலாம். அதோடு, கேபினில் வைத்திருக்கும் அந்த 'அவசரப் பாட்டில்' இனிமேல் கூடாது, கழிப்பறைக்கு இறங்கித்தான் வரவேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பச்சை டீ யோசனை அக்காவுடையது. யாரோ பக்கத்து வீட்டுப் பெண் மூன்று மாதத்தில் பாதியாக இளைத்தாளாம். அக்கா ஒரு பெட்டி வாங்கிவந்து, வழக்கமான டீ போடுகிற மாதிரியே இலையைப் போட்டுக் கொதிகொதியென்று கொதிக்கவிட்டு, பாலையும் ஊற்றி, மூன்று ஸ்பூன் சர்க்கரையும் போட்டாள். பாசி பிடித்த தொட்டியைக் கழுவிய தண்ணீர் அந்த நிறத்தில் இருக்கும். மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, கட்டியவள் மனம் நோகக் கூடாதென்று "மருந்துன்னா அப்படித்தான்" என்றார். இப்படி ஒரு வாரம் போனது. எடை அரை கிலோ ஏறியிருந்தது.

வேலையிடத்து முதலுதவி அறையில் ஒரு நர்ஸம்மா உண்டு. எடை மெஷின் அவர் வசம். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கொதிக்க விடாதீங்க. சுடுதண்ணிய கொஞ்சம் ஆறவிட்டு இலை மேல ஊத்தி, ரெண்டு மூணு நிமிஷத்துல வடிகட்டிடுங்க. பாலும் வேணாம், சர்க்கரையும் வேணாம். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு கப் போதும். வெறும் வயித்துல குடிக்காதீங்க. அது கொழுப்ப அள்ளிட்டுப் போயிடும்னு மட்டும் நம்பாதீங்க. நீங்க தினம் ஏழு டீக்குப் போடுற சர்க்கரைய நிறுத்துறீங்க பாருங்க, அதுதான் விஷயம். சாப்பாட்டையும் பாருங்க, நடங்க."

இவ்வளவு நீளப் பேச்சில் மாமாவின் காதில் ஏறியது 'பாலும் வேணாம், சர்க்கரையும் வேணாம்' மட்டும்தான். இரண்டு கப் நல்லதென்றால் பன்னிரண்டு கப் ஆறு மடங்கு நல்லது என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். இரண்டு லிட்டர் ஃபிளாஸ்க் ஒன்று தோளில் தொங்க, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஏணி ஏறினார்.

அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் பிடித்தது சனி. அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேலே உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடுகிறது என்றார். காரணமே இல்லாமல் வாக்கியில் கூப்பிடுவார். "மாப்ளே, இருக்கியா?" "இருக்கேன் மாமா." "சும்மா கேட்டேன்." ஐந்து நிமிடத்தில் மறுபடி "மாப்ளே!" வீட்டில் அதைவிட மோசம். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து ஹால், காலில் சக்கரம் கட்டின மாதிரி நடக்கிறார், தூக்கமும் போச்சு என்று அக்கா போனில் அழுதாள். "ஒரு இடத்துல உக்காருங்கன்னா, உக்காந்தா எடை ஏறும்கறாருடா."

நர்ஸம்மாவிடம் நான் போய் முறையிட்டேன். "பன்னெண்டு கப்பா? அதுலயும் காபி மாதிரி தூக்கத்தக் கெடுக்கற சரக்கு இருக்குய்யா! ரெண்டா குறைக்கச் சொல்லுங்க" என்று அவர் என்னைத் திட்டினார். நான் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் எட்டாகக் குறைத்தார். அதையே பெரிய தியாகம் மாதிரிச் சொல்லிக்கொண்டார்.

ஆனால் எடை இறங்கியது. அது எப்படி இறங்கியது என்பதுதான் வேடிக்கை. எட்டு கப் உள்ளே போனால் எட்டு கப் வெளியே வர வேண்டாமா? பாட்டிலுக்குத்தான் தடை. ஆகவே அவசரம் வரும்போதெல்லாம் நூற்று நாற்பத்து மூன்று படி இறங்கி, கழிப்பறைக்கு ஓடி, நூற்று நாற்பத்து மூன்று படி ஏறினார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. நூற்று நான்கு, நூற்று மூன்று, நூற்று ஒன்றரை என்று முள் கீழே வந்தது. இலை கரைத்ததா, ஏணி கரைத்ததா என்று நர்ஸம்மாவும் நானும் அடிக்கடி வாதம் செய்வோம். அவர் ஏணிக் கட்சி, நானும் ஏணிக் கட்சிதான். மாமாவிடம் மட்டும் சொல்லவில்லை, சொன்னால் ஃபிளாஸ்க்கோடு ஏணியையும் பத்துத் தடவை ஏறுவார்.

இதில் அடி வாங்கியது நான். அவர் இறங்கி ஏறக் கால்மணி நேரம் கிரேன் சும்மா நிற்கும். கான்கிரீட் காத்திருக்கும், கம்பி காத்திருக்கும், மேஸ்திரி என் தலையில் ஏறுவார். "உங்க மாமாவுக்கு என்னய்யா, குழாய் ஏதாவது உடைஞ்சிருச்சா?" நாள் முழுக்க அவருக்கும் பதில் சொல்லி, சாயங்காலம் அக்காவுக்கும் பதில் சொல்லி, எனக்கே நரம்பு முறுக்கேறிப் போயிருந்தது. பச்சை டீயை அவர் குடித்தார், நடுக்கம் எனக்கு வந்தது.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை. எடை நூறேமுக்கால். காலை பத்து மணிக்குள் அவர் இரண்டு தடவை இறங்கி ஏறிவிட்டார். மூன்றாவது சுமை சென்ட்ரிங் தகடுகள், கான்கிரீட் ஊற்றுவதற்கு அடியில் அடுக்குகிற இரும்புத் தகடு, ஒரு கட்டு எண்ணூறு கிலோ. நான்காம் தளத்துக்கு மேலே, மூன்று ஆள் உயரத்தில் அதை நிறுத்தி வைத்திருந்தேன். தளத்தைக் காலி செய்துவிட்டுப் போன தச்சர்கள் மூன்று பேர், மறந்துபோன சுத்தியலை எடுக்கத் திரும்பவும் சரியாக அதற்கு அடியில் வந்து குனிந்துகொண்டிருந்தார்கள். நான் கையை ஆட்டி அவர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் மேஸ்திரி என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

வாக்கி கரகரத்தது. "மாப்ளே, அவசரம்."

"இருங்க மாமா, சுமை தொங்குது."

"முடியல மாப்ளே. சீக்கிரம்."

"ரெண்டு நிமிஷம் மாமா!"

"ஐயோ, நான் இறங்கவா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. தொங்குகிற சுமையை விட்டுவிட்டு இறங்குவாராம்! போ, போய்த் தொலை என்கிற மாதிரி வாக்கியில் கத்தினேன்: "இறங்கு! இறங்கு!"

மொட்டையாக. மாமாவும் இல்லை, மரியாதையும் இல்லை.

தகடுக் கட்டு இறங்கத் தொடங்கியது. ஒரு நொடி எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நிறுத்து!" என்று நான் போட்ட சத்தத்தில் தொண்டை கிழிந்தது. கட்டு நின்றது. குனிந்திருந்த தச்சரின் முதுகுக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அவர் நிமிர்ந்திருந்தால் தலை இடித்திருக்கும், நல்லவேளை பக்கவாட்டில் தவழ்ந்து வெளியே வந்தார். மூன்று பேரும் என்னைப் பார்த்துத் திட்டிய திட்டு ஒவ்வொன்றும் எனக்குத் தகும்.

அரைமணி நேரத்தில் ஆபீசரின் அறையில் நின்றோம். மாமாவின் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஆபீசர் அந்த விரல்களையே பார்த்தார்.

"என்ன நடந்துச்சு?"

நான் வாயைத் திறக்கும் முன்பே மாமா சொன்னார். "காதுல சரியா விழல சார். அவன் சரியாத்தான் சொன்னான். தப்பு என்னுது."

ஆபீசர் எழுதிக்கொண்டார். நான் சும்மா நின்றேன். ஆமாம், சும்மாதான் நின்றேன். சிக்னல்காரன் தவறாகச் சொன்னான் என்று எழுதினால் என் கையில் வாக்கி இருக்காது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் என் நாக்கைக் கட்டியது அந்தப் பயம்தான், வேறு எந்த நல்ல காரணமும் இல்லை. சனிக்கிழமை எடையோடு சேர்த்து முடிவு சொல்வதாகவும், அதுவரை வேலை நடக்கட்டும் என்றும் ஆபீசர் சொன்னார். வெளியே வந்ததும் மாமா கழிப்பறைக்கு ஓடினார். திரும்பி வந்து என் தோளைத் தட்டி, "விடு மாப்ளே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் முழுவதும் அவர் ஒரு தடவைகூட இறங்கிவரவில்லை. வாக்கியில் தேவையில்லாமல் கூப்பிடவும் இல்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல் கூப்பிட்டேன். "மாமா, இருக்கீங்களா?" "ம்." அவ்வளவுதான். சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"என்னடா ஆச்சு உங்க மாமாவுக்கு? நேத்துலருந்து டீயத் தொடல. நடக்கவும் இல்ல. சுவத்தப் பாத்துட்டு அப்படியே உக்காந்திருக்காரு. அவரு அசையாம இருக்கறதப் பாத்தா எனக்குப் பயமா இருக்குடா."

ஐந்து வாரமாக அந்த மனிதர் ஒரு நிமிடம் உட்கார மாட்டாரா என்று ஏங்கியவள் அவள்தான். இப்போது என் வீட்டில் நான் நடந்துகொண்டிருந்தேன். வாசலுக்கும் அலமாரிக்கும் நடுவில் பதினோரு அடி. என் பெண்டாட்டி இரண்டு தடவை சோறு போட்டு இரண்டு தடவையும் மூடி வைத்தாள்.

சனிக்கிழமை காலை முதலுதவி அறை. மாமா பூட்ஸைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், மோதிரத்தைக் கூடக் கழற்றி என் கையில் கொடுத்தார். மெஷினில் ஏறினார். நர்ஸம்மா குனிந்து பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நூறு புள்ளி மூணு."

ஆபீசர் பேனாவை எடுத்தார். மாமா மெஷின் மேலேயே நின்றபடி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு விரலை உயர்த்தினார். "சார், ரெண்டு நிமிஷம். காலையில என் பொண்டாட்டி கட்டாயப்படுத்தி ரெண்டு பெரிய கப்பு குடிக்க வச்சிட்டா."

போனார். வந்தார். ஏறினார்.

"தொண்ணூத்தொன்பது புள்ளி எட்டு!" என்று நர்ஸம்மா கூவினார். ஆபீசருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து, தானும் ஒருமுறை பார்த்து எழுதினார். பிறகு அவர் முகம் மாறியது.

"எடை சரி. ஆனா வியாழக்கிழமை விஷயம் இருக்கே. சொல்லுறது காதுல விழாத ஆள, கை நடுங்கற ஆள நான் எப்படி மேல அனுப்புறது? ஸ்டோருக்குப் போங்க. மனசுல வச்சுக்காதீங்க."

மாமா குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பூட்ஸுக்கு எத்தனை முடிச்சு வேண்டும்? அவருடைய மோதிரம் என் உள்ளங்கையில் சுட்டது.

"சார், அவரு காது நல்லாத்தான் இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இறங்குன்னு சொன்னேன். இறக்குன்னு சொல்லல."

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு. அதுனாலதான் அவருக்குக் குழம்பியிருக்கு."

"குழம்பல சார். மொட்டையா சொன்னா சுமைக்கு, மாமான்னு சொன்னா அவருக்கு. இது எங்களுக்குள்ள ஒன்பது வருஷப் பேச்சு. நான் கோவத்துல அவர மொட்டையா சொல்லிட்டேன். மொட்டையா நான் தன்னச் சொல்லுவேன்னு அவரு கனவுலகூட நினைச்சிருக்க மாட்டாரு. அவரு கேட்டது சரி. மரியாதை தப்பினது நான். சுமை தொங்கறப்ப வாக்கியில எரிச்சலக் காட்டினதும் நான். நிறுத்துன்னு நான் சொன்ன அந்த நொடியே நிறுத்தினது அவரு."

மாமா பூட்ஸை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "மாப்ளே, உனக்கு எதுக்கு..." என்று தொடங்கியவரை ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு வியாழக்கிழமை எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

முடிவு இதுதான். மாமா கேபினுக்குப் போகலாம், ஆனால் பச்சை டீ நாளைக்கு இரண்டு கப், நர்ஸம்மா கண் முன்னால், வயிற்றுக்கு ஏதாவது போட்ட பிறகு. விரல் நடுக்கத்தை நர்ஸம்மா ஒரு வாரம் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏற வேண்டும். நான் வாக்கியைத் தொடக் கூடாது. மூன்று மாதம் கொக்கியில் சுமை கட்டும் வேலை, அதற்கப்புறம் பார்க்கலாம். 'இறக்கு' என்ற சொல்லையே எடுத்துவிட்டு, இனி 'கீழே' என்று மட்டும் சொல்ல வேண்டும் என்று சுவரில் ஒட்டினார்கள்.

ஒரு வாரத்தில் கையெழுத்து வந்தது. விரல் நின்றுவிட்டது, தூக்கமும் வந்துவிட்டது. மாமா ஏணி ஏறினார். கீழே நின்று பார்த்தேன். சட்டை தோளில் தொளதொளவென்று இருந்தது. புதுச் சிக்னல்காரர் ஒழுங்கான மனிதர், எல்லாம் சட்டப்படி. "கீழே. கீழே. நிறுத்து." சுமைகள் பஞ்சு மாதிரி வந்து அமர்ந்தன. நான் கொக்கியை மாட்டினேன், கழற்றினேன். என் கை சும்மா சும்மா இடுப்பில் வாக்கி இருந்த இடத்துக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தது.

சாயங்காலம் ஐந்து மணி. வேலை முடிந்த மணி அடித்தது. புதுச் சிக்னல்காரர் வாக்கியில் சொன்னார். "வேலை முடிஞ்சுது சார். இறங்கி வாங்க."

மேலே அசைவில்லை.

"சார், கேக்குதா? வேலை முடிஞ்சுது."

கரகரவென்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "கேக்குது. என் காது நல்லாத்தான் இருக்கு. அத என் மாப்ளே சொல்லட்டும்."

புதியவர் ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் அந்தப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே படித்து முடித்த ஒரு அறிவிப்புப் பலகையை மறுபடியும் படிக்கத் தொடங்கினார். புதியவர் வாக்கியைத் தன் கையிலேயே பிடித்தபடி என் வாயருகே நீட்டினார். நான் அதைத் தொடவில்லை. இரண்டு தடவை கனைத்தேன்.

"இறங்குங்க மாமா."

கேபின் கதவு திறந்தது. அவர் முதல் படியில் கால் வைத்தார்.